சோப்பு டப்பா துபாஷி

சொந்த ஊரிலேயே விடுதி அறை கேட்டு நிற்கும் அறுபது வயதுக்காரனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். வீட்டில் ஏதோ தகராறு, மனைவி துரத்திவிட்டாள் என்று நினைப்பார்கள். என்னைத் துரத்தியது பெஞ்சல் புயல்.

2024 நவம்பர் கடைசியில் அது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் வீடு ரெயின்போ நகரில். வானவில் என்று ஆசையாய்ப் பெயர் வைத்தவர்கள், அதற்கு முன்னால் மழை வரும் என்பதை மறந்துவிட்டார்கள். கூடத்தில் முழங்கால் தண்ணீர். கட்டில் மிதந்தது, மோடம் மூழ்கியது. ஒயரிங் மாற்றி, சுவர் காய்ந்து, வெள்ளையடிக்க மூன்று வாரம் என்றார் கொத்தனார். கொத்தனார் கணக்கு தெரிந்தவன் ஆகையால் ஐந்து வாரத்துக்குத் துணி எடுத்துக்கொண்டேன். அம்மா, மனைவி, நான் மூவரும் பெரிய வாய்க்காலைத் தாண்டி, வெள்ளைக்காரர் கட்டிய பழைய வீடு ஒன்றில் நடக்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வரவேற்பு மேசையில் இருந்த தம்பி ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லோக்கல் அட்ரஸா சார்?" என்று இழுத்தான். அம்மா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, "பொன்ழூர் மிசே" என்றாள். அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா. அந்தப் பென்ஷன் அம்மாவுக்கு இன்னும் வருகிறது. அதோடு சேர்ந்து நாலைந்து பிரெஞ்சு வார்த்தைகளும் தங்கிவிட்டன. தம்பி எழுந்து நின்று சாவியைக் கொடுத்தான்.

வெள்ளத்தில் பரண்மேல் தப்பித்த சொத்துகளில் முக்கியமானவை மூன்று. எல்லாம் பாரிஸில் இருக்கும் மகள் வாங்கித் தந்தவை. காலை ஐந்து மணிக்குச் சுப்ரபாதம் பாடும் ஸ்பீக்கர், பாட்டி பிரஷர் மாத்திரை போட்டாளா என்று பாரிஸிலிருந்து பார்க்கும் கேமரா, கொசுவிரட்டியைச் சாயங்காலம் தானே போடும் ஸ்மார்ட் பிளக். விடுதியில் இலவச வைஃபை உண்டு. அறைக்கு இரண்டு சாதனம். செல்போன் எண்ணைத் தட்டி, வரும் ஓடிபியைத் தட்டினால்தான் கதவு திறக்கும்.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ ஒருவர் பூட்டாமல் வைத்திருந்த வைஃபை வழியாகப் போனது. அதையடுத்து, பொது இடத்து வைஃபையில் வருகிறவர் யாரென்று தெரிந்தாக வேண்டும் என்று 2009-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. நியாயம்தான். ஆனால் ஸ்பீக்கருக்குத் திரை ஏது, விரல் ஏது? பெயர்தான் ஸ்மார்ட், நாலு எண் தட்டத் துப்பில்லை. போதாததற்கு, விடுதி வைஃபையில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுப்பு வேறு. அடுத்த அறைக்காரன் நம் கணினிக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. விளைவு, என் செல்போனும் கேமராவும் ஒரே மேசைமேல் அரையடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி முகம் திருப்பிக்கொண்டிருந்தன.

சுப்ரபாதம் இல்லாத முதல் காலையில் பெருமாளே எழுந்திருக்க மாட்டார் என்று அம்மா அறிவித்தாள். இரண்டாம் நாள் மகள் ஒரு தீர்வை ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். டிராவல் ரவுட்டர். பார்க்க சோப்பு டப்பா.

அதைச் செல்போன் சார்ஜரில் செருகி, செல்போனை அதன் வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்து, ரிப்பீட்டர் என்பதைத் தொட்டு, விடுதி வைஃபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடிபி கேட்கும் பக்கம் வரும் என்றாள். வரவில்லை. அரை மணி நேரம் சோப்பு டப்பாவும் நானும் ஒருவரையொருவர் முறைத்தோம்.

"அப்பா, விபிஎன்னை அணைச்சீங்களா? டிஎன்எஸ்ஸை ஆட்டோவுல விடுங்க."

விஷயம் இதுதான்: நாம் வழி கேட்கும்போது விடுதியின் வாசற்காவலன் குறுக்கே விழுந்து, 'முதலில் இங்கே கையெழுத்துப் போடு' என்று மடக்குகிறான். அவனிடம் கேட்காமல் வேறு எங்கேயோ வழி கேட்டால் அந்தப் பதிவேடு நம் கண்ணிலேயே படாது. அணைத்தேன். பக்கம் வந்தது. ஓடிபி போட்டேன்.

அடுத்து மகள் சொன்னதில்தான் சூட்சுமம். "நம்ம வீட்டு வைஃபைக்கு வச்ச அதே பேரு, அதே பாஸ்வேர்டை இதுக்கும் வைங்க." வைத்தேன். ஒரு நிமிடத்தில் ஸ்பீக்கர் கண் விழித்தது, கேமரா தலையைத் திருப்பியது, பிளக் டிக்கென்றது. மூன்றும் ரெயின்போ நகர் வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டன. வெள்ளம் வந்த விவரம் அவற்றுக்குக் கடைசிவரை தெரியாது.

"இது என்னடா தம்பி?" என்று டப்பாவைத் தட்டினாள் அம்மா.

"துபாஷிம்மா" என்றேன். வாய்தவறி வந்தாலும் சரியாகவே வந்துவிட்டது. டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் ஊர்ச் சனமெல்லாம் கோட்டைக்குள் போய்ப் பேச முடியுமா? அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை போவார். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும், வெள்ளைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் நெசவாளி, வியாபாரி, வழக்காளி என்று எத்தனை பேர் நின்றாலும் உள்ளே போகிற முகம் ஒன்றே. இந்த டப்பாவும் அப்படித்தான். விடுதிக்குத் தெரிவது இதன் ஒரே ஒரு முகவரி. யார் என்ன கேட்டார்கள் என்று உள்ளே ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் சுப்ரபாதத்தை ஸ்பீக்கரிடமும் கட்டளையைப் பிளக்கிடமும் பிரித்துக் கொடுக்கும். பிள்ளையும் 1736-லிருந்து வந்தவர் போனவர் கதையெல்லாம் தினம் தினம் எழுதி வைத்தவர்தான். அவர் குறிப்பு இன்றும் அச்சில் கிடைக்கிறது. டப்பாவின் குறிப்பு கரண்ட் போனால் போச்சு.

எல்லாவற்றையும் கேட்ட அம்மா, "துபாஷின்னா கமிஷன் அடிப்பானே?" என்றாள்.

அடித்தது. வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே ரேடியோவில் மாறி மாறிச் செய்வதால் வேகத்தில் ஏறக்குறையப் பாதி அதற்கே போய்விட்டது. எந்தத் துபாஷியும் இவ்வளவு கமிஷன் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு சிக்கல், விடுதிக் கதவு பன்னிரண்டு மணி நேரத்தில் தானாகச் சாத்திக்கொள்ளும். டப்பா வந்த முதல் நாள் நான் உள்ளே நுழைந்தது மாலை ஐந்தேகாலுக்கு. மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு, பெருமாள் பாதி எழுந்த நிலையில் பாட்டு நின்றது. "ஒருக்களிச்சுப் படுத்திருப்பார், பாவம்" என்றாள் அம்மா. அன்று முதல் காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று முறை வைத்தோம். ஓடிபி வருவதோ என் செல்போனுக்கு. காலை ஒன்பது மணிக்கு நான் இருப்பதோ ரெயின்போ நகர்ச் சேற்றில். "என்னங்க, நம்பர் வந்துச்சா?" என்று மனைவி கூப்பிடுவாள். நான் ஒரு கையில் முழுக்கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏழு... நாலு... நாலு... ஒண்ணு" என்று கத்துவேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கொத்தனார், "சார், தினம் லாட்டரியா? நமக்கும் ஒரு சீட்டு சொல்லுங்க" என்றார்.

ஐந்தாவது வாரம் அறையைக் காலி செய்தோம். (கொத்தனார் கணக்கு.) எனக்குள் ஒரு குறுகுறுப்பு. இரண்டு சாதனம்தான் என்ற விதிக்கு நாங்கள் என்ன மரியாதை செய்தோம்? கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு நின்றேன். தம்பி கணினியைப் பார்த்தான்.

"இவ்வளவு நாள்ல ஒரே ஒரு டிவைஸ்தான் சார் யூஸ் பண்ணியிருக்கீங்க. ரெண்டு வரைக்கும் ஃப்ரீயாச்சே? பெரியவங்க, உங்களுக்கெல்லாம் இதெல்லாம் தெரியாது, பாவம். என்னைக் கேட்டிருந்தா இன்னொண்ணு கனெக்ட் பண்ணிக் குடுத்திருப்பேனே!"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மடியில் இருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டு அம்மா முந்திக்கொண்டாள்.

"மெர்சி மிசே."

பைக்குள் துபாஷி இன்னும் சூடாக இருந்தார்.