லிப் ஸ்லர் பேர்வழி

டிரம்பெட்டில் வால்வுகள் மூன்றே மூன்று. அவற்றை அழுத்தியும் விட்டும் ஏழு விதக் குழாய் நீளங்களைத்தான் பெற முடியும். ஆனால் கருவியோ முப்பதுக்கு மேற்பட்ட ஸ்வரங்கள் பேசும். மிச்சக் கணக்கை நேர்செய்ய வேண்டியது வாசிப்பவரின் உதடு. எந்த வால்வையும் தொடாமல், உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றினாலே ஸ, ப, மேல் ஸ, அதற்கும் மேலே க, ப என்று ஒலி தாவும். நடுவிலுள்ள ரி, ம, த எல்லாம் அந்த நீளத்தில் அகப்படா. நாக்கால் ‘து’ என்று வெட்டாமல், ஒரே மூச்சில் இந்தப் படிகளில் வழுக்கி ஏறி இறங்குவதற்கு லிப் ஸ்லர் என்று பெயர். உதடு நெகிழ்ந்து பழக இது அவசியமான பயிற்சி. இதைத் தவிர வேறெதுவும் அவசியமில்லை என்று முடிவுகட்டிவிட்டவரே லிப் ஸ்லர் பேர்வழி.

டிரம்பெட் இருக்கும் ஊரிலெல்லாம் இவர் உண்டு. தனி வீடும் தோட்டமும் உள்ள ஊர்களில் அவர் இருப்பது வெளியே தெரியாது. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டார் ‘நூறு’ சொல்லும் சுவர்களுக்கு நடுவில்தான் அவர் சமூகத்தின் கவனத்துக்கு வருகிறார். வயது நாற்பதுக்கு மேல். பள்ளியிலோ சர்ச்சிலோ சின்ன வயதில் வாசித்திருப்பார். வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் ஒரு கரைக்கு வந்தபின் கருவியை மறுபடி கையில் எடுத்திருப்பார். பிழைப்புக்கு வாசிப்பவர் இந்த வகையில் சேரமாட்டார். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் பேண்டு செட்காரரின் உதடு தெருவிலேயே பழகிவிடுகிறது; தனியாகப் பழக்க அவருக்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை.

சாதகம் மூன்று கட்டமாக நடக்கும். முதலில் கருவியே இல்லாமல் உதட்டைத் தளர்த்திப் படபடக்கவிடுவது. தரையில் உட்கார்ந்து இல்லாத பஸ்ஸை ஓட்டும் மூன்று வயதுக் குழந்தையின் ‘ப்ர்ர்ர்’ சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. குழந்தை கொஞ்ச நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்பதைத் தவிர. இரண்டாவது, மவுத்பீஸை மட்டும் உதட்டில் வைத்து ரீங்கரிப்பது. இதைக் குளியலறையிலும் காரிலும் சிக்னலில் நிற்கும்போதும் செய்யலாம், செய்கிறார். மூன்றாவதுதான் ஸ்லர். ஸ–ப–ஸ, ஸ–ப–ஸ என்று மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுவார். பிறகு இரண்டாவது வால்வை அழுத்திக்கொண்டு அரை ஸ்வரம் கீழே அதே பயிற்சி. பிறகு முதல் வால்வு. அப்புறம் இரண்டு இரண்டாக, கடைசியில் மூன்றும் சேர்ந்து. ஆக ஒரு பயிற்சி என்பது ஏழு பயிற்சி. மேல் வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்வர ஞானம் இல்லாவிட்டாலும் எண்ணத் தெரியும். ஏழாவது முறை ஒலி அடியில் போய் நின்றதும் பெருமூச்சு விட்டு ரேடியோவைப் போடுவார்கள். அப்போது அவர் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

புத்தகங்களுக்குக் குறைவில்லை. டிரம்பெட்காரர்களுக்கு வேதப் புத்தகம், பிரெஞ்சுக்காரர் ழான்-பாப்டிஸ்ட் ஆர்பன் 1864இல் வெளியிட்ட கனமான முறைநூல். ஸ்லர் பயிற்சிகளைத் தாண்டிப் போனால் அதில் சொற்றொடரின் அழகைக் கற்க 150 மெல்லிசைப் பாடல்கள் இருக்கின்றன. இருவர் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகள் இருக்கின்றன. கடைசியில் ‘வெனிஸ் திருவிழா’ மெட்டின் மேல் ஆர்பனே எழுதிய, கேட்பவர் வாய் பிளக்கும் மாறுபாடுகள் இருக்கின்றன. நம்மவரின் பிரதியை எடுத்துப் பிரித்தால் அது தானாகவே ஸ்லர் பக்கத்தில் திறந்துகொள்ளும். அந்தப் பக்கங்களில் காபிக் கறையும் பென்சில் குறியும் தேதிகளும் மண்டிக் கிடக்கும். பாடல் பக்கங்கள் கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருக்கும். பக்கத்திலேயே சார்லஸ் காலினின் பயிற்சிநூலும் மாக்ஸ் ஷ்லாஸ்பர்கின் தினசரிப் பயிற்சிகளும் உண்டு. ஷ்லாஸ்பர்க் நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் வாசித்தவர்; மாணவர்களுக்கு அவர் எழுதித் தந்த பயிற்சிகள் 1936இல் அவர் காலமான பிறகுதான் நூலாயின. வாழ்ந்த காலமெல்லாம் மனிதர் கச்சேரியில் வாசித்துக்கொண்டிருந்தார் என்ற செய்தி நம்மவரை ஏனோ பாதிப்பதில்லை.

உடல் அடையாளம் ஒன்று உண்டு. மேலுதட்டின் நடுவில் மவுத்பீஸ் பதித்த வட்டத் தடம். மேல் ஸ்வரத்துக்காகக் கருவியை உதட்டில் அழுத்தக் கூடாது, அழுத்தினால் ரத்த ஓட்டம் நின்று உதடு சீக்கிரம் களைத்துவிடும் என்று ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். அவரும் பிறரிடம் அதையே சொல்வார், தடத்தைத் தடவிக்கொண்டே. ஆவக்காய் ஊறுகாயை நிறுத்தியாகிவிட்டது. உப்பும் காரமும் உதட்டைக் காயவைக்குமாம். கல்யாண வீட்டில் மிளகாய் பஜ்ஜி நீட்டும் மாமியிடம், “உதட்டுக்கு ஆகாது மாமி” என்பார். “பல்லுக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்று மாமி அடுத்த இலைக்கு நகர்வார். சட்டைப் பையில் உதட்டுக் களிம்பு. உதட்டைப் பாழாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் வாசிக்காமல் இருக்க நேர்ந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் பெயரையே தாங்கிய களிம்பு ஒன்று ஜெர்மனியில் தயாரானது. களிம்பு விஷயத்தில் மட்டும் நம்மவர் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சமம்.

பயிற்சி பலிக்காத நாளில் பழி மவுத்பீஸ் மேல் விழும். கூடம் கோணலாக இருந்தால் ஆடுபவள் என்ன செய்வாள்? புதுக் கருவியோடு வழக்கமாக வருவது 7சி. பாக் கம்பெனியின் கணக்கில் எண் குறையக் குறைய வாய் அகலும்; எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைக் குறிக்கும். எனவே 5சி வாங்குவார், பிறகு 3சி, பிறகு ஒன்றரை சி. அகலமானதில் களைப்பு முன்னதாகவே வரும் என்பது தெரிந்ததும் மறுபடி 7சிக்கு வருவார். பழையது இருக்கும் இடம் மறந்துபோயிருப்பதால் புதிதாக ஒன்று.

அண்டை வீட்டார் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அவர்களுடைய குறை சத்தத்தைப் பற்றியது என்று அவர் நினைக்கிறார். அது பாதிதான். சத்தத்துக்கு மனிதன் பழகிவிடுவான்; மார்கழியில் கோயில் ஒலிபெருக்கிக்குப் பழகியவர்கள்தானே. தாங்க முடியாதது, பாட்டு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. ஸ–ப–ஸ என்று ஏறும்போதெல்லாம் ஏதோ ஒன்று தொடங்குகிறது, ஒன்றும் தொடர்வதில்லை. லிப்டில் பிடித்து ஒருவர் கேட்டேவிட்டார்: “சார், எப்ப சார் பாட்டு வாசிப்பீங்க?” “உதடு இன்னும் தயாராகலை சார்.” “எத்தனை வருஷமா சார்?” அதற்குள் அவருடைய மாடி வந்துவிட்டது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மியூட் போடச் சொன்னார்கள். கருவியின் வாயில் செருகினால் ஒலியை வெகுவாக அடக்கும் பயிற்சி மியூட் கடையில் கிடைக்கிறது. அது மூச்சை எதிர்த்துத் தள்ளும், ஸ்ருதியும் கொஞ்சம் பிசகும் என்பது உண்மை. இந்த உண்மையை அவர் முக்கால் மணி நேரம் விளக்கினார். உதட்டை எவ்வளவு வேண்டுமானாலும் வளைப்பவரின் கழுத்து ஓர் அங்குலம்கூட வளையவில்லை. முடிவில், வாசிக்கும் அளவுக்கு ஓய்வும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அது அவர் தந்த சலுகை என்று சங்கம் நினைத்தது. உதட்டுத் தசைக்கு ரத்தம் திரும்ப வேண்டுமென்று எல்லாப் பள்ளிகளிலும் சொல்லும் விதிதான் அது. ஓய்வு நேரத்தில் அவர் வால்வுக்கு எண்ணெய் விடுவார். தண்ணீர்ச் சாவியைத் திறந்து குழாயில் தேங்கியதைக் கீழே விரித்த பழைய செய்தித்தாளில் ஊதித் தள்ளுவார். அதில் பெரும்பகுதி மூச்சின் ஈரம் குளிர்ந்து நீரானது. எச்சில் என்று முகம் சுளிக்கும் மனைவிக்கு இந்த விஞ்ஞானம் இன்றுவரை எடுபடவில்லை. செய்தித்தாளை அவரே எடுத்துப் போட வேண்டியிருக்கிறது.

வாதத்தில் அவரை வெல்வது கடினம், ஏனென்றால் சரித்திரம் அவர் பக்கம். வால்வுக்கு பெர்லினில் காப்புரிமை வாங்கியது 1818இல். அதற்கு முந்தைய டிரம்பெட்டில் வால்வே கிடையாது. அநேகமாக எல்லாம் உதட்டு வேலை. மேல் ஸ்தாயியில் படிகள் நெருங்கி வருவதால் அங்கே மட்டும் முழு மெட்டு வாசிக்கலாம். இசையமைப்பாளர் பாக் எழுதிய, தலை சுற்றும் டிரம்பெட் பகுதிகளை அப்படித்தான் வாசித்தார்கள். லைப்சிகில் அவருக்கு வாசித்த காட்ஃப்ரீட் ரைஷெயின் கதையையும் நம்மவர் சேர்த்துச் சொல்வார்: 1734 அக்டோபரில் ஒரு பெரிய நிகழ்ச்சியில் வாசித்த மறுநாளே ரைஷெ தெருவில் விழுந்து இறந்துபோனார். இதைக் கேட்கும் அண்டை வீட்டார் முகத்தில் ஒரு கணம் தோன்றும் ஒளியை அவர் இசை ஆர்வம் என்று எடுத்துக்கொள்கிறார்.

அரங்கேற்றம் ஆகஸ்ட் 15 அன்று. கொடியேற்றத்துக்கு தேசிய கீதத்தை டிரம்பெட்டில் வாசிக்கும்படி சங்கம் கேட்கிறது. பாட்டு என்று ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையும் அதில் உண்டு. கீதத்தின் நீளம் 52 விநாடி. அதற்காக அவர் விடிவதற்கு முன் எழுந்து ஒன்றரை மணி நேரம் உதட்டைத் தயார் செய்கிறார். எட்டு மணிக்குக் கொடி ஏறும்போது உதடு ஓய்வு பெறும் நிலையில் இருக்கிறது. முக்கால்வாசி தூரம் நன்றாகவே போகிறது. குழந்தைகள்கூட அசையாமல் நிற்கிறார்கள். முடிவுப் பகுதியில் மேல் ஸட்ஜத்தைத் தொட வேண்டிய இடம் வருகிறது. உதடு ஸட்ஜத்தைத் தொட்டு, நிற்க மாட்டாமல் அடுத்த படியான பஞ்சமத்துக்கு வழுக்கி இறங்குகிறது. நாக்கின் வெட்டு இல்லை, மூச்சில் இடைவெளி இல்லை. இலக்கணப்படி அது குறையே சொல்ல முடியாத லிப் ஸ்லர்.

கூட்டம் பெருந்தன்மையாகக் கை தட்டுகிறது. மிட்டாய் கொடுக்கிறார்கள். காரணம் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது: நெகிழ்வு போதவில்லை. 16ஆம் தேதியிலிருந்து சாதகம் அரை மணி நேரம் கூடுகிறது.