முகூர்த்தமில்லா நாளில் பாண்டி

ஊரெல்லாம் நல்ல நாள் பார்த்துப் பயணம் கிளம்பும். ஆரணியில் தறி வைத்து நடத்தும் மாமாவோ முகூர்த்தமில்லாத நாளாகத் தேடிப் பிடித்துத்தான் வேன் பேசுவார். பாவு தீர்ந்து அடுத்த பாவு புணைக்கிற இடைவெளி, கரிநாள், வாடகை குறைகிற வாரநாள், இத்தனையும் கூடிவருகிற திங்கட்கிழமையில்தான் அவருக்கு உலகத்தைப் பார்க்கத் தோன்றும். திங்கட்கிழமை புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. "நல்லதாப் போச்சு, ஒரு மணி நேரம் மிச்சம்" என்பார்.

இப்படிப்பட்டவர் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெயர்தான் வேறு வேறு. (பாண்டி என்றதும் உங்கள் உதட்டில் ஓடும் சிரிப்பு தெரிகிறது. அதற்குப் போகிற வேன் வேறு. இது குடும்ப வேன்.)

விடியுமுன்னே கிளம்பி, சேத்துப்பட்டு, செஞ்சி தாண்டி, புளிசாதத் தூக்கைத் திறக்குமுன் கடற்கரைக்கு வந்தாயிற்று. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவையாம் என்று மருமகன் போனைப் பார்த்துப் படித்தான். "செஞ்சி வழியாத்தானே வந்தோம்? அப்ப பார்த்தாச்சு. வண்டியை எடு."

பழைய பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் சிலை முன்னால் மட்டும் நின்று நெஞ்சை நிமிர்த்தினார். 1751 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி கிளைவும் மராட்டியக் குதிரைப்படையும் சேர்ந்து சந்தாசாகிப்பின் மகனை ஆரணியில் தோற்கடித்தார்கள். தோற்ற பக்கத்தில் பிரெஞ்சுச் சிப்பாய்களும் இருந்தார்கள். "இவன் ஆளுங்க நம்ம ஊர்ல அடி வாங்கினவங்க" என்று டிரைவரிடம் சொன்னார். சொன்ன தோரணையைப் பார்த்தால், அடித்தது கிளைவ் என்று டிரைவருக்குத் தோன்றியிருக்காது.

மணக்குள விநாயகர் கோயிலில் அவர் தரிசித்தது முன்வரிசையில் நின்ற அம்மாளின் முந்தானையை. "நம்ம ஊர்ச் சரக்கு. காஞ்சிபுரம்னு சொல்லித் தள்ளியிருப்பான்" என்று முணுமுணுத்தார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியும் இந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. விரலிடுக்கில் வைத்து உரசிப் பார்க்கக் கை நீண்டபோது அத்தையின் முழங்கை விலாவில் இறங்கியது.

பிரெஞ்சுத் தெருவில் பிள்ளைகள் மஞ்சள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மாமா போனை உயர்த்தினார். பிறகு பார்த்தால் படத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. சுவரும் அதன்மேல் சரிந்த காகிதப்பூக் கொத்தும்தான். "உடல் மாம்பழ மஞ்சள், பார்டர் இந்த ராணிக் கலர். ஆவணிக்கு இதுதான் ஓடும்." சுவருக்குச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்ததும் குடும்பத்தோடு நகர்ந்தார்.

கடலில் கால் நனைக்க ஐந்தே நிமிடம். அடுத்து அரிக்கமேடு. மருமகனின் பிடிவாதத்துக்காகத்தான். மரமும் இடிந்த செங்கல் சுவரும் பக்கத்தில் ஆறும் தவிர வேறொன்றும் தெரியாத இடம். மாமா இறங்கக்கூட இல்லை. "1945இல் வீலர்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்டினாரு மாமா. ரோமாபுரிப் பானை ஓடெல்லாம் கிடைச்சுது. செங்கல் தொட்டியும் இருந்துச்சு, துணிக்குச் சாயம் போட்ட தொட்டின்னு சொன்னாரு."

வேன் கதவு திறந்தது.

"எத்தனை அடி ஆழம்? எந்தப் பக்கம்? வடிகால் எங்கே விட்டான்? ஆத்துத் தண்ணியில உப்பு ஏறியிருக்குமே, சாயம் எப்படிடா பிடிச்சுது? கிணறு இருந்திருக்கும், கிணத்தைத் தேடு!" தொட்டியெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் நடந்தார். இந்தியச் சரக்கு வாங்கியே ரோம் நாட்டுக் காசெல்லாம் கரைகிறதென்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார் என மருமகன் எடுத்துவிட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"ரொக்கமாவா கொடுத்தான்?"

"தங்கம், வெள்ளி, மாமா."

"பார்த்தியா! நம்ம ஆளுங்க சேலையை எடுத்துனு போயி, தீபாவளிக்குத் தரேன், பொங்கலுக்குத் தரேன்றானுங்க."

பிள்ளைகள் தூங்கி எழுந்து, டிரைவர் இரண்டாவது டீ குடித்து, புளிசாதத் தூக்கும் காலியான பிறகே வேனுக்குத் திரும்பினார்.

"ஏங்க, கடலுக்கு அஞ்சு நிமிஷம், கண்ணுக்கே தெரியாத தொட்டிக்கு இத்தனை நேரமா?"

"கடல் எங்கே போயிடப்போவுது?"

"தொட்டி மட்டும் எங்கே போவப்போவுது? ரெண்டாயிரம் வருஷமா அங்கியேதான் கிடக்குது!"