கட்டணமில்லாத் தூக்கம்

காலையில் மெல்போர்னில் ஏற்றி, கிரேட் ஓஷன் ரோட்டைக் காட்டி, இரவே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போட்ட சாலை, 240 கிலோமீட்டருக்கும் மேல். பயணிகள் அதில் பாதியைத் தூங்கியே கடந்துவிடுகிறார்கள், பாவம், விடியுமுன் எழுந்தவர்கள். கென்னட் ரிவரில் வண்டி நிற்கிறது: கோலா தரிசனம். யூகலிப்டஸ் கிளையில் அதுவும் தூக்கம்தான். நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம். கட்டணம் கட்டாமல் தூங்குகிறது என்பதே வித்தியாசம். இருபது கேமராவுக்கும் அது காட்டுவது முதுகை.

அடுத்து ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ பாறைகள். பன்னிரண்டு என்றைக்குமே இருந்ததில்லை. இருந்ததிலும் ஒன்று 2005இல் சரிந்து விழுந்தது. எண்ணிப் பார்த்துக் குழம்புகிறவர்களை வழிகாட்டி சட்டை செய்வதில்லை. அவர் எண்ணுவது வண்டிக்குத் திரும்பிய தலைகளை.