நேராக ஓடும் வீடும் கோணல் ஸ்டீயரிங்கும்

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என வழங்கப்படுவது, கட்டில், அடுப்பு, குளியலறை அனைத்தையும் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வீடாகும். அவ்வீட்டின் கூரை ஒழுகினால் வாளி வைத்துச் சமாளித்துக்கொள்ளும் உரிமையாளர், வண்டி நேராகச் செல்கையில் ஸ்டீயரிங் மட்டும் 10 டிகிரி சாய்ந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்வதில்லை; ஒழுகல் மழைக்காலத்துத் துன்பம், கோணலோ ஓட்டும் நேரமெல்லாம் முகத்துக்கு நேரே நிற்பது என்பது அவர் தரப்பு நியாயம். போதாக்குறைக்கு, கோணல் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் இண்டிகேட்டர் ஒரு பக்கம் அவசரமாக அணைந்து, மறுபக்கம் அணைய மனமின்றி மினுக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

கோணலுக்கான காரணம் பல சமயம் வண்டி பிறந்த விதத்திலேயே இருக்கிறது. ஃபோர்டு எஃப்-53 போன்ற சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரங்களும் சட்டமும் மட்டும் கொண்ட அடித்தளம், ஓரிடத்தில் உருவாகி, இண்டியானா மாநிலத்து எல்க்கார்ட் போன்ற ஊர்களில் தன் முதுகில் வீட்டை ஏற்றிக்கொள்கிறது. சுமையால் முன் லீஃப் ஸ்பிரிங்குகள் அமுங்கும்போது, பற்சக்கரங்கள் அடங்கிய ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்ம் என்னும் கையையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்க் என்னும் தண்டின் சாய்வு மாறுகிறது; சக்கரங்கள் நேராக ஓட விரும்புவதால், அந்த மாற்றத்தின் பழி முழுவதும் மேலேயுள்ள ஸ்டீயரிங்கின் தலையில் விழுகிறது. பாக்ஸின் பல்விகிதம் ஏறக்குறைய 20 மடங்கு என்பதால், கீழே அரை டிகிரி பிசகினாலே மேலே அது 10 டிகிரியாகப் பெருகிவிடும்.

இதற்கு உரிமையாளருக்கு முதலில் தோன்றும் வைத்தியம், நடு நட்டைக் கழற்றி, ஸ்டீயரிங் வீலை உருவி, ஸ்பிளைன் எனப்படும் பற்களில் ஓரிரு பல் தள்ளி மாட்டுவது. இது தலைவலிக்குத் தலைப்பாகையை மாற்றிக் கட்டுவதற்கு ஒப்பானது. பாக்ஸினுள் பற்கள் மிக நெருக்கமாகக் கவ்வுவது அதன் நடுநிலையில்தான். ஆகவே பாக்ஸை நடுவுக்குக் கொண்டுவராமல் வீலை மட்டும் நேராக்கினால், கண்ணுக்கு நிம்மதி கிடைக்குமே தவிர, ஓட்டத்தில் ஆட்டம் கூடும்.

முறையான இடம் வண்டிக்கு அடியில் இருக்கிறது. டிராக் லிங்கிலுள்ள திருகுகுழலின் கிளாம்ப்புகளைத் தளர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு மல்லாந்து படுத்தபடி குழலைச் சிறிது திருப்பினால் தண்டின் நீளம் மாறி ஸ்டீயரிங் நடுவுக்கு வரும். இரு சக்கரங்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் டை ராட் தனித்தண்டு என்பதால், முன் டயர்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு கெடாது. தேவைப்படுவது சில மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் துருவேறிய குழல் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. அசையும்போது, அதுவரை சேர்த்துவைத்த துருத்தூளையெல்லாம் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணில் கொட்டிவிட்டே அசைகிறது. எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பொறுத்தவரை, உரிமையாளர் தேர்ந்தெடுக்கும் முதல் திசை பெரும்பாலும் மற்றத் திசையாகவே அமைவது ஏனோ தெரியவில்லை.

கிளாம்ப்புகளை இறுக்கிய பிறகு ஓட்டிப் பார்க்கும் இடமும் முக்கியம். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் போடப்படுவதால், வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் வண்டி வலப்புறம் நழுவப் பார்க்கும். அதைத் தடுக்க ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இடப்புறம் சற்றே பிடித்தாக வேண்டும். சமதளத்தில் மிகச் சரியாக நின்ற ஸ்டீயரிங் இவ்வாறு நெடுஞ்சாலையில் மறுபடி சாய்வதைக் கண்டதும், சரிவைச் சந்தேகிக்காமல் ஸ்பானரைத் தேடுபவர்களே மிகுதி.