நட்சத்திரத்துக்கு மதிப்பெண்

இங்கிலாந்தில் ஒரு கடைவீதி. ஏழைப் பிள்ளைகளுக்குப் பரிசு சேர்க்க அங்கே ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைக்க ஆசை. நல்ல காரியம்தான், உள்ளூர் கவுன்சிலில் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். படிவத்தை மட்டும் நீட்டுவார்கள்.

வேரோடு நட்டால் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 142ஆம் பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். வெட்டிய மரத்தைத் தொட்டியில் நிறுத்தினால் அது வழிமறிக்கும் பொருளாகிவிடும்; 137ஆம் பிரிவு காத்திருக்கிறது. எதிர்க்கடை மாடிக்கு விளக்குச் சரம் இழுத்தால் 178. பக்கத்தில் ஒருவர் உண்டியல் குலுக்கினால் முதல் உலகப் போர்க் காலத்துச் சட்டம், 1916, எழுந்து வரும். இதற்கு மேல் 50 லட்சம் பவுண்டுக்குப் பொறுப்புக் காப்பீடு கேட்கும் கவுன்சில்களும் உண்டு. மரத்தடியில் சேரப்போவதோ நாலு பொம்மையும் பிஸ்கட் டப்பாவும்.

கவுன்சிலுக்கு நிரப்பித் தரும் அபாய மதிப்பீட்டுத் தாள்தான் இதில் அருமையான இலக்கியம். மர உச்சி நட்சத்திரம் வழிப்போக்கர் தலையில் விழும் வாய்ப்பு: 2. விழுந்தால் விளைவு: 4. பெருக்கினால் 8. தணிக்கும் நடவடிக்கை: கம்பியால் கட்டுதல். பெத்லகேமுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் எந்தக் கம்பியும் இல்லாமல் எப்படித் தப்பித்ததோ!

லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்துக்கு 1947 முதல் ஆண்டுதோறும் நார்வே மரம் வருகிறது. இருபது மீட்டருக்கும் மேல் உயரம், கடலையே தாண்டி வந்துவிடுகிறது. நம் ஆறடி மரத்துக்கு நடைபாதை விளிம்பைத் தாண்டுவதுதான் பாடு.

தாண்டியும் விட்டது என்று வையுங்கள். அனுமதிக் கடிதத்தில் மரத்தை எடுக்க வேண்டிய தேதி தடித்த எழுத்தில் இருக்கும். உதிரும் ஊசியிலைகளைக் கூட்டிப் பெருக்குவது விண்ணப்பதாரர் பொறுப்பு.