நாரி நோவும் ஏ-40உம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் ஆஸ்பத்திரியில் நாரி நோவை நிச்சயமாகக் கண்டுபிடிக்கக்கூடிய கருவி ஒன்றுதான் இருந்தது. அது என்னுடைய ஏ-40 கார்.

1990 யூனில் திரும்பவும் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பிறகு பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, பசளை என்று வரக்கூடாத சாமான்களின் பட்டியல் ஒன்று வந்தது. அதை எழுதினவருக்கு என்னுடைய காரோடு ஏதோ பழைய கோபம் இருந்திருக்கவேண்டும். கார் ஓடுவதற்கு வேண்டியவற்றில் காற்றைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது. மண்ணெண்ணெய் மட்டும் ஏதோ அளவாய் வந்தது. ஆகவே யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடியது. கார் வருவதற்கு முன்னம் மணம் வரும். கார் போன பிறகு கண் எரியும்.

மண்ணெண்ணெயில் ஓட எல்லாக் காராலும் ஏலாது. எஞ்சினுக்குள் அமுக்கம் குறைந்த பழைய இங்கிலீசுக் கார்கள்தான் அதற்குச் சம்மதிக்கும். எங்கள் ஒழுங்கையில் நின்ற ஒரு ஜப்பான் கார் அந்தப் பட்டியல் இருந்த காலமெல்லாம் கோழிக்கூடாக இருந்தது. பின்சீற்றில் அடை வைத்துக் குஞ்சும் பொரித்தார்கள். ஐயா ஐம்பதுகளில் வாங்கிவிட்டுப்போன ஒஸ்ரின் ஏ-40 சோமசெட்டோ, ஊரின் கௌரவமான வாகனங்களில் ஒன்றாகிவிட்டது. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும், அந்த வகை. இடக்கை நீளும், ஆனால் மடங்காது. பக்கத்தில் இருக்கிறவர் கையை வெளியே விட்டு அதை உள்ளே தள்ளவேண்டும். இதற்கெல்லாம் செய்தவனைக் குறை சொல்லக்கூடாது. பெற்றோல் குடிக்கவென்று பிறந்த எஞ்சினுக்கு நாற்பது வயதில் நாங்கள் மண்ணெண்ணெய் பழக்கினோம்.

பழக்கிய விதம் இது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. முதலில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தக் கொஞ்சத்தையும் ஊற்ற மனம் வராது. எறிய வைத்திருந்த சேலைன் போத்தல் ஒன்றைப் பொனற்றுக்குள் தொங்கவிட்டு, அதன் குழாயைக் காபரேற்றருக்குக் கொடுத்தேன். நான் ஆஸ்பத்திரி டிஸ்பென்சர். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்பது நித்திரையிலும் தெரியும். பெற்றோல் பட்டுப் பட்டுக் குழாய் விறைத்துப்போகும். அப்போது வாட் மிஸியிடம் போய் அடுத்த குழாய்க்குப் பல்லைக் காட்டவேண்டும். "உங்கடை ஆளுக்கு இன்னும் சேலைன் கழட்டேல்லையோ?" என்பா அவ.

கராச் அண்ணை ஒருநாள் எஞ்சின் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். ஒயில் குறையவில்லை, கூடியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டிக் கீழே வடிகிறதாம். "தம்பி, மற்றவையின்ரை கார் ஒயில் குடிக்குது. உன்ரை கார் சுரக்குது" என்றார்.

பற்றறிக்குப் பிளக்கில் பொறி காட்டுகிற சீவன் இருந்தது. செல்ஃப் சுற்றுகிற சீவன் இல்லை. ஹான்டில் போட்டால் திருப்பி அடிக்கும். ஆகவே தள்ளவேண்டும். காலை பத்து மணிக்கு நான் மருந்து எடுக்கக் களஞ்சியத்துக்குப் போகிற நேரம், ஓ.பி.டி.யில் சனம் நிரம்பியிருக்கிற நேரமும் அதுதான். "ஒருக்காக் கை குடுங்கோ" என்று கேட்டால் மாட்டன் என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வருத்தக்காரர் எல்லோரும் எழும்பி வருவார்கள். டொக்டரின் மேசை யன்னலோரம். அவர் அதிகம் பேசாத மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை வாத்தியார் ஒருவர் நாரியில் கையை ஊன்றியபடி, ஒவ்வொரு அடியாய் வந்து வாங்கில் மெல்ல இருந்தார். மூன்று நாளைக்கு மெடிக்கல் வேண்டி வந்தவர். நான் கூப்பிட்டதும், பழக்கதோசம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாய்ப் பாய்ந்து வந்து பின் மட்காட்டில் தோளைக் கொடுத்தார். கேற்வரைக்கும் தள்ளினார். கார் ஒருதரம் குமுறி, வெள்ளைப் புகையை அவர் முகத்திலேயே விட்டுப் பிடித்தது. அவர் வேட்டியை இறக்கி, கையைத் திரும்ப நாரியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாய் வாங்குக்குப் போனார்.

மிச்சத்தை மிஸி சொல்லித்தான் அறிந்தேன்.

"மாஸ்டர், எந்தப் பக்கம் நோகுது?"

"இடப்பக்கம் டொக்டர். குனியவே ஏலாது."

"ஓம், பார்த்தனான். அதுதான் வலத்தோளாலை தள்ளினனீங்கள்."

வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. டொக்டர் நல்ல மனிதர். "நாரிக்குத் தர ஏலாது. குடிச்ச புகைக்கு ஒருநாள் தாறன்" என்று எழுதிக் கொடுத்தாராம்.

செய்தி ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் பரவி, என் நிலைமை மோசமானது. மெடிக்கலுக்கு வந்த திடகாத்திரர்கள் எல்லோரும் வாங்கில் உறைந்துபோய் இருக்க, காய்ச்சல்காரரும் தொய்வுக்காரரும்தான் தள்ள வந்தார்கள். நூற்றிரண்டு பாகை காய்ச்சலோடு ஒரு கிழவர் வந்து நின்றபோது நானே இறங்கி அவரை வாங்கில் இருத்திவிட்டு வந்தேன். உறைந்திருந்தவர்கள் வாயை மட்டும் அடக்கவில்லை. "செக்கண்டிலை போடு! கிளச்சை இப்ப விடாதை! ஆ, இப்ப விடு!" டொக்டர் தன் பரிசோதனையைத் திருத்திக்கொண்டார். வாங்கிலிருந்து ஆகப் பெரிய சத்தமாய்ப் புத்தி சொன்னவருக்கு நாரியில் ஒன்றுமில்லை என்று எழுதினார். எனக்குத் தெரிய அந்த முறை பிழைக்கவேயில்லை.

அந்தக் காலத்தில் தண்ணிமருந்துக்கு வருத்தக்காரர்தான் போத்தல் கொண்டுவரவேண்டும். வெறும் போத்தலே தட்டுப்பாடு என்பதால், எந்தப் போத்தலில் முன்னம் என்ன இருந்தது என்று மணந்து பார்க்காமல் நான் மருந்து ஊற்றுவதில்லை. ஒருநாள் பின்னேரம் அந்த வாத்தியார் வீட்டுக்கு வந்து இருமல் மருந்துப் போத்தல் ஒன்றை நீட்டினார். என் கையெழுத்தில் துண்டு ஒட்டியிருந்தது: குலுக்கிப் பாவிக்கவும், நாளுக்கு மூன்று வேளை. மணந்து பார்த்தேன். கலப்பில்லாத பெற்றோல். அன்றைக்கு அதற்கு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு என் கை நடுங்கினது விளங்கும்.

"என்ன மாஸ்டர் இது?"

"காருக்குத்தான். உங்கடை சொட்டுக் கணக்கை விட்டிட்டு ஒரு கிழமைக்குத் தாராளமாய் விடுங்கோ. தள்ளாமல் ஸ்ராட் வரவேணும்."

"ஏன், வாற கிழமை என்ன விசேஷம்?"

வாத்தியார் கையை மெல்ல நாரிக்குக் கொண்டுபோனார். "மச்சாள் வீட்டுக் கலியாணம். நாலு நாள் மெடிக்கல் எடுக்கவேணும்."