விருப்பம்போல் தேர்ந்தெடுத்துக்கொண்டோம், ஐயா!

அனுப்புநர்: நான்கே சேனல் பார்க்கும் ஓர் அம்மாவின் மகன், மன்னார்குடி.

பெறுநர்: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), புதுதில்லி.

பொருள்: கேபிளா, டிஷ்ஷா என்று முடிவெடுக்க இயலாமை – தங்கள் மேலான உதவி கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டு டிவி மூன்று நாளாக நீலமாக நிற்கிறது. பழுது ஒன்றுமில்லை. டிஷ் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. அதையே மறுபடி போடுவதா, தெருவில் போகும் கேபிளுக்கு மாறுவதா என்று வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமையை 2019 பிப்ரவரியில் எங்களுக்கு அருளியவர்கள் தாங்கள். வழியும் தாங்களே சொல்வதுதான் முறை.

அந்த உரிமையின் அருமை எங்களுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் விளங்கியது. அதற்கு முன்னால் கேபிள்காரர் ஒரு தொகை சொல்வார், அம்மா அதில் இருபது ரூபாய் குறைப்பாள், அவர் தலையைச் சொறிந்துகொண்டே வாங்கிக்கொள்வார். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது அந்தப் பேரமும் தேவைப்படவில்லை. இப்படி ஒழுங்கில்லாமல் கிடந்த எங்களைத் தாங்கள் ஒழுங்குபடுத்தினீர்கள். எங்கள் ஊர் மெஸ்ஸில்கூட இல்லாத ஒரு முறை வந்தது. இணைப்பு என்ற இலை போட்டதற்கே அப்போது மாதம் 130 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. இலையில் 100 இடம். அதில் தூர்தர்ஷன் பொரியல் 20க்கும் மேல், வேண்டாம் என்று கை காட்டினாலும் வைத்தே தீருவார்கள். கட்டணச் சேனல் என்ற சாம்பாரின் விலை அதற்கப்புறம். அம்மா கேட்ட சாம்பார் கிண்ணம் 19 ரூபாய். எச்டி என்றால் ஒரு சேனலுக்கு இரண்டு இடம் கணக்கு, பஸ்ஸில் வாழைத்தாருக்குத் தனி டிக்கெட் கிழிப்பது மாதிரி.

அம்மாவுக்கு வேண்டியது சீரியலுக்கு இரண்டு, பக்திக்கு ஒன்று, மழைச் செய்திக்கு ஒன்று. பார்ப்பதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்பதுதானே தங்கள் விதியின் சாரம்? நான்கையும் தனித்தனியாகக் கேட்டேன். "அந்தக் காசுக்குப் பேக்கே எடுத்துக்குங்க சார், இருபது சேனல் வரும்" என்றார் கேபிள்காரர். டிஷ் கம்பெனியின் அழைப்பு மையப் பெண்ணும் அதையே சொன்னார். வேறெதிலும் ஒத்துப்போகாத இருவர் இதில் ஒத்துப்போனார்கள். பார்க்காத பதினாறும் எங்கள் விருப்பத்தின் பேரில் வந்தன.

பேக்குக்குள் வைக்கும் சேனலின் உச்ச விலை முதலில் 19 ரூபாய். 2020இல் 12 என்றீர்கள். 2022 நவம்பரில் மறுபடி 19. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டீர்கள்; இலைக்கு என்ன விலை என்பதை இனி மெஸ்காரரே சொல்வார். பழையபடி அம்மா பேரம் பேசலாம் என்பதுதானே இதன் உட்பொருள்? நன்றி.

சரி, விலையில் தெளிவு கிடைக்காது, தரத்தைப் பார்ப்போம் என்று இறங்கினேன். டிஷ்ஷுக்கு வரும் அலை பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்படுகிறது. அவ்வளவு தூரமும் ஒரு தடையும் இல்லாமல் வந்துவிட்டு, எங்கள் மொட்டைமாடிக்கு மேல் நிற்கும் ஒற்றை ஐப்பசி மேகத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கேயூ பேண்ட் என்ற அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன, சிதறடிக்கின்றன என்று படித்தேன். அம்மாவிடம் விளக்கினேன். "அப்போ மழை வருமான்னு சொல்ற சேனல், மழை வந்தா தெரியாதா?" என்றாள். பதில் தெரிந்தால் எழுதவும்.

கேபிளில் இந்தத் தொல்லை குறைவு. அதுவும் வானத்திலிருந்து வருவதுதான் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். கட்டுப்பாட்டு அறையில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய பெரிய டிஷ் வைத்து, மழைக்கு அவ்வளவாக அசையாத சி பேண்டில் பிடித்து, வயரில் அனுப்புகிறார்கள். ஆனால் தெருமுனையில் உள்ள நோடு என்ற கேபிள் கருவிக்குக் கரண்ட் வேண்டும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடும், டிவியும் ஓடும், முனையில் கரண்ட் போயிருக்கும். மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் பற்றியும் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அம்மாவின் சீரியல் வராது என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் தங்கள் விதிமுறைகள் எதிலும் இல்லாத ஒரு வேறுபாடு உண்டு. கேபிள் நின்றால் சத்தம் போட ஆள் இருக்கிறார். டீக்கடையில் பிடிக்கலாம், அவர் அக்கா வீட்டில் சொல்லிவைக்கலாம், கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்கலாம். டிஷ் கம்பெனியைத் திட்ட முதலில் தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்த வேண்டும், பிறகு புகாருக்கு ஒன்று, பிறகு பாட்டுக் கேட்க வேண்டும். பாட்டு முடிவதற்குள் மழையும் விட்டுவிடும், கோபமும் போய்விடும். திட்டும் வசதிக்குத் தாங்கள் இன்னும் கட்டணம் நிர்ணயிக்கவில்லை. நினைவூட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டும் ஒன்றாக நின்ற நாளும் உண்டு: 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் தெரு மின்கம்பங்கள் கேபிளையும் கையோடு இழுத்துக்கொண்டு சாய்ந்தன. எதிர்வீட்டு டிஷ் எங்கள் கொல்லைக்கு வந்தது. தொழில்நுட்பப் பாகுபாடு காட்டாத ஒரே அதிகாரம் அதுதான். கரண்ட் வர வாரக்கணக்காயிற்று. கேபிள் அதற்கும் பிறகு என்றார்கள், நாங்கள் டிஷ்ஷுக்கு மாறினோம்.

மாறினோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் செல்போன் கம்பெனியை மாற்ற வழி பிறந்தது. டிவியில் கம்பெனியை மாற்றினால் செட்டாப் பெட்டி செத்துப்போகும். எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரை அனுப்பினீர்கள். அதற்குள் எங்கள் பரணில் மூன்று பெட்டி சேர்ந்துவிட்டன. முதலாவது, 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி கட்டாயமானபோது சித்தப்பா வாங்கி, பிறகு எங்களுக்குச் சீர்போலக் கொடுத்தது. ஒளிபரப்பு தங்கள் பொறுப்புக்கு வந்தது 2004 ஜனவரியில். ஆகவே அந்தப் பாவம் தங்கள் கணக்கில் சேராது. இரண்டாவது, எங்கள் முதல் டிஷ்ஷுடையது. மூன்றாவது, கஜாவுக்கு முந்திய கேபிளுடையது.

வருஷா வருஷம் கொலு மேல்படிப் பலகைக்கு இந்த மூன்றையும்தான் முட்டுக் கொடுக்கிறோம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. போன வருஷம் மரப்பாச்சி இரண்டு தடவை சரிந்து விழுந்தது. நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போதுள்ள டிஷ்ஷை நிறுத்தினால் நாலாவது பெட்டி கிடைக்கும் என்று அம்மா நேற்று இரவு கண்டுபிடித்தாள்.

கேபிள்காரருக்குச் சொல்லியாயிற்று. ஆகவே மேலே கோரிய உதவி தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள நுகர்வோர்